தோட்ட நகரத்தில் கணினிக்கும் இணையத்தளத்துக்கும் காவல் வைப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் ஒரு கணினி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது குறைவு. வரவேற்பறையில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் சின்னவள் வீட்டுப்பாடம் செய்கிறாள், அண்ணன் விளையாட்டுகளை இறக்குகிறான், அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், அம்மா தம் பலகார வியாபாரத்தின் வரவு செலவை எழுதுகிறார். ஆலயத்தின் இணையத்தளமும் இப்படித்தான். திருவிழாவுக்கு முன்னர் ஓர் இளைஞர் ஆர்வத்தோடு அமைத்துக் கொடுத்திருப்பார். பின்னர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போயிருப்பார். பாதுகாப்புக் கோளாறுகளில் பெரும்பகுதி பொறுப்பாளர் இல்லாத இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னர், இந்தக் கணினியை யார் கவனிப்பது, இந்தத் தளத்தை யார் கவனிப்பது என்று ஆளுக்கொரு பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே எழுதியிருப்பது அந்தப் பெயருக்குரியவருக்காக.

"எங்களிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. தாக்குகிறவன் உங்களைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எது திறக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. உள்ளே வந்தபின் எடுத்துச்செல்ல எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும்: உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மைகார்டு என்னும் அடையாள அட்டையின் நகல், புலன (வாட்ஸ்அப்) கணக்கு, உறவினர்கள் உங்கள் பெயரின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை.

கணினியில் முதலில் பார்க்கவேண்டியவை

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் வழங்கும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆனால் அதில் பதிவு செய்துகொண்ட கணினிகளுக்குத்தான் அவை வந்து சேரும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு தேவைப்படுவதால் பழைய மடிக்கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. அப்படிப்பட்ட கணினியில் இணையமும் ஆவணங்களும் மட்டும் போதுமென்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது நல்ல வழி.

புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாகிரை என்னும் தீநிரல் ஒரு தெளிவான சான்று. 2017 மார்ச் மாதமே மைக்ரோசாப்ட் அது நுழையும் ஓட்டையை அடைக்கும் ஒட்டுநிரலை வெளியிட்டிருந்தது. மே மாதத்தில் அந்தப் பணயத் தீநிரல் பரவியபோது, இரண்டு மாதமாக அதை நிறுவாமலிருந்த கணினிகள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் முடங்கின. நம் பக்கத்தில் புதுப்பிப்பை நிறுத்திவைப்பதற்குப் பெரும்பாலும் தரவுச் செலவுதான் காரணம். கண்ணாடியிழை இணைப்பு இன்னும் எட்டாத தோட்டங்களில் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். தரவு தீர்ந்துவிடும் என்று அந்த இணைப்பை அளவிடப்படும் இணைப்பாகக் குறித்து வைத்திருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அப்படிக் குறித்தபின் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கமாட்டா. எனவே மாதத்தில் ஓரிரு முறையாவது பட்டணத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய், புதுப்பிப்பு முழுமையாக முடிந்து கணினி மறுதொடக்கம் ஆகும்வரை காத்திருந்து எடுத்து வரவேண்டும்.

அடுத்தது திருட்டு மென்பொருள். பழுது பார்க்கும் கடையில் கணினியைக் கொடுத்தால் "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்" என்ற சொல்லோடு அது திரும்பி வருவது வழக்கம். பணம் கட்டாத ஆபிஸ் தொகுப்பை இயங்கவைக்கும் குறுநிரலை நிறுவுவதற்கு வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கவேண்டியிருக்கும். அணைத்தது அப்படியே கிடக்கும். இத்தகைய நிரல்களோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றில் தகவல் திருடிகள் என்னும் வகை மிகவும் மோசமானது. அவை உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கிகளையும் அள்ளிச் செல்கின்றன. அந்தக் குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாம் படிச் சரிபார்ப்பும் வேண்டாம். 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்டும் பல நாட்டுக் காவல்துறைகளும் சேர்ந்து முடக்கிய லும்மா இந்த வகையைச் சேர்ந்தது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த ஆபத்தை விலைக்கு வாங்கவேண்டியதில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. பழைய எழுத்துரு மாற்றிகளையும் விசைப்பலகைச் செயலிகளையும் பெயர் தெரியாத தளங்களிலிருந்து இறக்கி, அவற்றைப் பேனா வட்டில் ஏற்றி ஆசிரியர் அறை முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. விண்டோஸ் 11இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பேனா வட்டைச் செருகியபின் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தால் எதையும் சொடுக்காமல் கழற்றிவிடுங்கள். கோப்பின் பின்னொட்டைக் காட்டும் அமைப்பை எப்போதும் இயக்கி வைத்திருந்தால், படம்போல வேடமிட்டு வரும் நிரலைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம்.

வீட்டுப் பாதுகாப்புக்குத் தனியாக வைரஸ் தடுப்பு வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பது என் கருத்து. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், அணைக்கப்படாமலும் புதுப்பிப்போடும் இருந்தால், வீட்டுக்குப் போதுமானது. அந்தப் பணத்தைச் சேமிப்பு வட்டுக்குச் செலவிடுங்கள். அதைவிடப் பயன் தரும் ஒரு வேலை, கணக்குகளைப் பிரிப்பது. நிர்வாகிக் கணக்கு ஒன்றைப் பொறுப்பாளர் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு சாதாரணக் கணக்கை அமைத்துவிட்டால், பிள்ளை எதையாவது நிறுவ முயலும்போது பெரும்பாலும் கணினி கடவுச்சொல் கேட்கும். அந்தக் கேள்வியே பாதிச் சிக்கல்களைத் தடுத்துவிடும். அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கும் உலாவியும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே கணக்கில் இருக்கவேகூடாது.

2024 முதல் பரவலாகிவிட்ட ஒரு தந்திரத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். ஏதோ ஒரு பக்கம் "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று கேட்கும். அடுத்து விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். நீங்கள் ஒட்டுவது அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளை. உண்மையான எந்தச் சரிபார்ப்பும் உலாவிக்கு வெளியே எதையும் ஒட்டச் சொல்லாது.

கடவுச்சொல்லும் கைப்பேசியும்

மின்னஞ்சல்தான் முதலில் காக்கவேண்டியது, ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லையும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் அமையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், யூகிக்கவும் கடினம். குலதெய்வத்தின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லை ஊரில் பாதிப்பேர் யூகித்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கைவிட்டது. கசிந்ததற்கான சான்று இருந்தால் மாற்றினால் போதும். கடவுச்சொற்களைப் பூட்டிச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர்ச் செயலி சிறந்தது. அது பழகாத பெரியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல், இணையத்திலிருந்து வருகிறவனால் அந்த அலமாரியைத் திறக்க முடியாது.

தொலைபேசியில் அழைக்கும் ஒருவர் உங்கள் முழுப்பெயரையும் மைகார்டு எண்ணையும் வீட்டு முகவரியையும் சரியாகச் சொல்வதால் அவர் வங்கியிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ பேசுகிறார் என்று ஆகிவிடாது. மலேசியாவின் கைப்பேசிச் சந்தாதாரர் விவரங்கள் 4 கோடியே 62 லட்சம் எண்களுக்குரியவை கசிந்து விற்பனைக்கு வந்தது 2017இல் வெளிப்பட்டது. அவற்றில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் இருந்தன. இத்தகைய அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கணினியைச் சரிசெய்து தருகிறேன் என்று தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலும் இதே பதில்தான்.

புலனத்தில் வரும் திருமண அழைப்பிதழ் நம்மவர்களை எளிதில் ஏமாற்றுகிறது, ஏனென்றால் அழைப்பிதழைத் திறந்து பார்க்காமலிருப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறோம். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரலாம். ஏபிகே என்று முடியும் கோப்பாக வந்தால் அது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் எண்ணை மோசடிக்காரனுக்குத் தள்ளிவிடும். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் குறுஞ்செய்தி வழியான டேக் முறையிலிருந்து விலகும்படி வங்கிகளைப் பணித்ததற்கு இத்தகைய மோசடிகளே காரணம். அப்படி ஒன்றை நிறுவிவிட்டால், கைப்பேசியை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும்வரை அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். புலனத்தின் ஆறு இலக்கக் குறியீட்டை, சொந்த அத்தையே கேட்டாலும் தராதீர்கள். அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு எண்ணையும் இட்டு வையுங்கள்.

வீட்டு ரவுட்டரில் மாற்றவேண்டியது நிர்வாகக் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். கடையிலும் ஆலயத்திலும் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டிக்கும் இதையே செய்யுங்கள். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளை மாற்றி மாற்றி முயன்றே உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது.

காப்புநகல்

மாலை இடி நம் வட்டாரத்தில் யாருக்கும் புதிதில்லை. மின்கம்பி வழியாக மட்டுமன்றிப் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் அது கணினியைத் தாக்கும். அப்போது செருகியே கிடக்கும் சேமிப்பு வட்டும் சேர்ந்து போய்விடும். பணயத் தீநிரலும் அதேபோல் செருகியிருக்கும் எல்லா வட்டுகளையும் பூட்டிவிடும். ஆகவே நகலெடுத்து முடித்தவுடன் வட்டைக் கழற்றி அலமாரியில் வைப்பது இரண்டுக்கும் சேர்த்துச் செய்யும் ஒரே காவல். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது பொதுவான கணக்கு. மேகச் சேமிப்பில் ஒன்றை வைத்தால் மூன்றாவது நிறைவேறும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

ஆலயம், சங்கம், சிறு வணிகத் தளங்கள்

இணையத்தளத்தில் முதற்கேள்வி உரிமை பற்றியது. தளப்பெயர் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? அமைத்துக் கொடுத்த தம்பியின் தனிப்பட்ட மின்னஞ்சலில் இருந்தால், புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்கு மட்டுமே போகும். அவர் கவனிக்காவிட்டால் பெயர் காலாவதியாகும், காலாவதியான பெயரை வேறு யாராவது வாங்கிச் சூதாட்டத் தளமாக்கலாம். ஆண்டுக் கூட்டத்தில் தலைவரும் செயலாளரும் மாறும்போது கணக்குப் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் ஒப்படைப்பதுபோல இதையும் ஒப்படைக்கவேண்டும். சங்கத்துக்கென ஒரு மின்னஞ்சலை அமைத்து, தளப்பெயரைப் பதிவு செய்த நிறுவனத்திலுள்ள பதிவாளர் கணக்கையும் தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணக்கையும் அதற்கு மாற்றி, இரண்டு பொறுப்பாளர்கள் உள்நுழைய வழி செய்யுங்கள். அவரவருக்குத் தனிக் கணக்கு. பொறுப்பு முடிந்தவரின் கணக்கை அன்றே நீக்கிவிடுங்கள். உதவிய இளைஞரைச் சந்தேகிப்பதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிறார்கள். உண்மையில் அவருக்கும் இது பாதுகாப்பு, நாளை ஏதாவது நடந்தால் பழி அவர்மேல் விழாது.

உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்டுபிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுகின்றன. நம் ஊர்த் தளங்களில் பலவும் அதுவே. வேர்டுபிரஸின் மையநிரல் 2013 முதல் சிறு பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானே நிறுவிக்கொள்கிறது. ஆனால் ஓட்டைகள் பெரும்பாலும் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களில்தான் வருகின்றன. பயன்படுத்தாத செருகுநிரலையும் தளத்துக்குத் தோற்றம் தரும் வார்ப்புருவையும் முடக்கி வைக்காமல் முற்றிலும் நீக்குங்கள், முடக்கியவற்றின் கோப்புகள் வழங்கியில் இருக்கும்வரை தாக்குதலுக்கும் வழி இருக்கும். எஞ்சியவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். கட்டண வார்ப்புருவை இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து இறக்குவது வாசற்கதவின் மறுசாவியைத் திருடனிடமே வாங்குவதற்கு ஒப்பு. நிர்வாகிகள் அனைவருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு, தவறான முயற்சிகளுக்கு வரம்பு, லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழ், வழங்கிக்கு வெளியே வாராந்தரக் காப்புநகல் ஆகியவை இருந்தால் அடித்தளம் முடிந்தது. அந்தச் சான்றிதழ் தகவல் வழியில் களவு போகாமல் காக்கும். தளம் நல்லது என்று அது சான்று சொல்வதில்லை. மோசடித் தளத்துக்கும் அதே சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

தளம் கைப்பற்றப்பட்டிருப்பது நிர்வாகத்தின் கண்ணில் படாமலே போகலாம். இணையச் சூதாட்ட விளம்பரங்களைப் புகுத்துபவர்கள், கூகலின் தேடுநிரலுக்கும் கூகல் வழியாக வருபவர்களுக்கும் மட்டும் அவற்றைக் காட்டி, முகவரியை நேரே தட்டச்சு செய்து வருபவர்களுக்குப் பழைய கோபுரப் படத்தையே காட்டுவார்கள். ஆகவே மாதம் ஒருமுறை கூகல் தேடல் பெட்டியில் சைட் (site) என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, உங்கள் தள முகவரி மூன்றையும் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து பாருங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் வரிசையாக வந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். தள உரிமையாளர்களுக்குக் கூகல் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து வைத்தால், கூகல் கண்டறியும் பாதுகாப்புச் சிக்கல்கள் மின்னஞ்சலில் வரும்.

நன்கொடை பெறும் தளங்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தளத்துக்குள் நுழைந்தவன் பணம் செலுத்த வருடும் டுயிட்நவ் கியூஆர் படத்தை மாற்றி வைத்துவிட்டால், பக்கம் அப்படியே இருக்கும், பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போகும். பொருளாளர் அவ்வப்போது தம் கைப்பேசியால் அதை வருடிப் பார்த்து, ஆலயத்தின் பெயர் வருகிறதா என்று உறுதிசெய்வது ஒரு நிமிட வேலை. மாணவர் பெயர்ப்பட்டியல், உபயதாரரின் அடையாள அட்டை எண் போன்றவை கொண்ட கோப்புகளைத் தளத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். முகப்பில் இணைப்பு இல்லாவிட்டாலும் தேடுபொறி அவற்றைக் கண்டெடுத்துவிடக்கூடும்.

கைப்பற்றப்பட்ட தளத்தைத் துப்புரவு செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுங்கள். இருக்கும் நிலையில் ஒரு முழு நகலைச் சான்றுக்காக எடுத்து வையுங்கள். சுத்தமான வேறொரு கணினியிலிருந்து வழங்கி, தரவுத்தளம், நிர்வாகிகள் ஆகிய அனைத்தின் கடவுச்சொற்களையும் மாற்றி, அமைப்புக் கோப்பிலுள்ள இரகசியத் திறவுகோல்களையும் புதிதாக இடுங்கள். அப்போதுதான் உள்ளே இருப்பவர் வெளியேற்றப்படுவார். தெரியாத நிர்வாகிக் கணக்குகளையும், படங்கள் மட்டுமே இருக்கவேண்டிய கோப்புறையில் பதுங்கியிருக்கும் பிஎச்பி என்னும் நிரல் கோப்புகளையும் தேடி நீக்குங்கள். தாக்குதலுக்கு முந்திய நகல் இருந்தால் அதிலிருந்து மீட்டு உடனே புதுப்பியுங்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்காமல் விளம்பரப் பக்கங்களை மட்டும் அழித்தால் சில நாளில் அவை மறுபடியும் முளைக்கும். முடிந்தபின் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள்.

பணம் போய்விட்டால்

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதைக் கண்டவுடன் உங்கள் வங்கியின் அவசர எண்ணையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்கும் வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம், அதனால் குடும்பத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும்வரை காத்திருக்கவேண்டாம். வங்கிச் செயலியில் கணக்கை நீங்களே முடக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். உரையாடல்களை வெட்கப்பட்டு அழித்துவிடாமல் திரைப்பிடிப்பாக எடுத்துக்கொண்டு போங்கள். பணத்தைத் தொடாத ஊடுருவலுக்கும் தளம் கைப்பற்றப்பட்டதற்கும் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் அளிக்கலாம். அறிமுகமில்லாத கணக்குக்குப் பணம் செலுத்துவதற்கு முன்னர், காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தேடிப் பார்க்கலாம்; அங்கே பெயர் இல்லை என்பதற்காக அந்தக் கணக்கு நம்பத்தக்கது என்று கொள்ளவேண்டாம், புகார் வராத புதிய கணக்கு அதில் இருக்காது.

சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முகநூலிலோ புலனத்திலோ ஒருவர் வருவார். வழக்கறிஞர் என்பார், முன்பணம் கேட்பார். ஏமாந்தவர்களின் பட்டியலைத் தமக்குள் விற்றுக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே பெரும்பாலும் அவர் இருப்பார். அவருக்குப் பதில் எழுதாமல், அந்த எண்ணையும் திரைப்பிடிப்பையும் ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்க்கும்படி விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.